பதினேழாம் முனை

பதினேழாம் முனை செத்துவிட்டது என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். வேதவல்லிக்கு அன்று இருந்த வேலை அது ஒன்றுதான். அதற்காகவே திருவல்லிக்கேணிக்கு வண்டி அனுப்பி, கோத்தகிரி வரை அவளை அழைத்து வந்திருந்தார்கள்.

மலைச்சரிவில் யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே நின்ற அந்த நீண்ட கட்டடத்துக்கு அறிதுயில் மனை என்று பெயர். பாற்கடலில் பாம்பணைமேல் கிடப்பவனின் துயிலுக்கு முன்னோர் இட்ட சொல் அது. கண் மூடியிருந்தும் அறிவு மூடாத துயில். இங்கே கிடந்த மனிதர்களுக்கு அந்தப் பேறு இல்லை. மருந்து கண்டறியப்படாத நோய்களோடு வந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேர், குளிர்ந்த கண்ணாடிப் பேழைகளுக்குள் எல்லாம் மறந்து கிடந்தார்கள். என்றேனும் மருந்து வரும். அன்று எழுப்பப்படுவார்கள். அதற்கு முன் யாராவது தானாக விழித்துக்கொண்டால் என்ன செய்வது என்பதற்காக, ஒவ்வொருவரின் வலக்கைச் சுட்டுவிரலின் அடியிலும் ஒரு சிறு பொத்தான் வைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து புறப்பட்ட கம்பி, கணினியின் உடலில் ஒரு முனையில் போய் முடிந்தது.

பதினேழாம் பேழையில் கிடந்தவன் குலசேகரன். இந்த மனையின் கணினிக்கு இயக்கி, அதாவது பொத்தான்களுக்குச் செவிகொடுக்கும் நிரல், எழுதியவர்கள் இருவர். ஒருத்தி வேதவல்லி, மற்றவன் அவன். பதினாறு ஆண்டுகள் ஒரே மேசையின் இருபுறமும் உட்கார்ந்திருந்தவர்கள். அவனுக்கு மனைவி மக்கள் இல்லை. சேர்க்கைப் படிவத்தில் ‘நெருங்கிய உறவு’ என்ற இடத்தில் அவள் பெயரை எழுதி, உறவுமுறை என்ற இடத்தில் ‘எதிர் நாற்காலி’ என்று நிரப்பியிருந்தான்.

“நாலு மணிக்கு எல்லாக் கம்பியையும் வெட்டிடுவோம், மேடம். உங்க கையெழுத்து ஒரு சம்பிரதாயம்தான்,” என்றார் மனையின் நிர்வாகி இருதயராஜ். தூத்துக்குடிக்காரர். ஐம்பது வயதிருக்கும். மலைக்குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார். “புது சிஸ்டத்துல இந்த இன்டரப்ட் சமாச்சாரமே கிடையாது. ஆறு நிமிஷத்துக்கு ஒரு தடவை கம்ப்யூட்டரே ஒவ்வொரு பேழையாப் போய் விசாரிக்கும். நாடி எப்படி, சூடு எப்படி, மூளை எப்படின்னு. அவங்க கூப்பிட வேண்டிய அவசியமே இல்லையே?”

“விசாரிக்கிறப்போ பதில் சொல்றது வேற, இருதயராஜ். வேணும்கிறப்போ கூப்பிடறது வேற.”

“தூங்குறவங்களுக்கு என்ன மேடம் வேணும்?”

வேதவல்லி கணினியின் பக்கம் திரும்பினாள். திரையில் முனைகளின் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. இருநூற்றுப் பதினொன்றின் எதிரே ‘அமைதி’ என்றிருந்தது. பதினேழின் எதிரே மட்டும் வேறு வரி: ‘இக்குரலுக்கு உரியவர் எவருமிலர். முனை அடைக்கப்பட்டது.’ தேதி, ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தையது.

அது கணினி தானாகப் போட்ட வரி. ஆனால் அந்த வாசகத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே நிரலில் எழுதிவைத்தவள் அவள்தான்.

*

அதை எழுதிய காலத்தில் கிண்டியில், கீழே அச்சகம் இருந்த ஒரு கட்டடத்தின் மாடியறையில் வேலை. அச்சுப்பொறி ஓடத் தொடங்கினால் மேசை அதிரும். அந்த அதிர்வோடு சேர்ந்து குலசேகரனின் விரலும் தட்டத் தொடங்கும். அவன் தகப்பனார் கோயில் கோஷ்டியில் பாசுரம் சேவித்தவர். பிள்ளைக்குப் பாட வாய்க்கவில்லை. தாளம் மட்டும் விரலில் தங்கிவிட்டது. ஏழெண்ணிக்கைத் தாளம் ஒன்றையே எப்போதும் தட்டுவான். அதிலும் ஆறு தட்டுத் தட்டி ஏழாவதை விட்டுவிடுவான். தொங்கலில் நிற்கும் அந்த இடம் வேதவல்லியின் காதில் முள்ளாய்க் குத்தும். பொறுக்கமாட்டாமல் தன் பேனாவால் மேசையில் ஒரு தட்டுத் தட்டி முடித்துவைப்பாள்.

“பாத்தியா? பாதிப் பாட்டு உன்னோடது,” என்பான்.

“வேலையைப் பாரு சேகர். இல்லேன்னா விரலை வெட்டி வெந்நீர்ல போட்டுடுவேன்.”

வாடிக்கையாளர்கள் வந்தால் குறுக்கீடு, அதாவது இன்டரப்ட், என்பதை அவன்தான் விளக்குவான். “கணினி ஓயாம ஏதோ ஒரு வேலையில இருக்கும். வெளியில யாருக்கு என்ன ஆச்சுன்னு ரெண்டு வழியில அது தெரிஞ்சுக்கலாம். ஒண்ணு, கோயில்ல பொழுதுக்கு நடை திறக்கிற மாதிரி, வேளை வேளைக்கு எட்டிப் பாக்கிறது. இன்னொண்ணு, மடுவுல முதலைகிட்ட மாட்டின யானையோட கதை. யானை கூப்பிட்டது. அவன் நடை திறக்கிற நேரமான்னு பாக்கலை. கையில இருந்ததைப் போட்டது போட்டபடி விட்டுட்டு ஓடி வந்தான். காரியம் முடிஞ்சதும் திரும்பிப் போய் விட்ட இடத்துலேர்ந்து தொடர்ந்தான். பொத்தானை அழுத்தி அதோட முனையில மின்சாரம் ஏறினா கணினியும் அதைத்தான் செய்யும்.”

வந்தவர்கள் சிரித்துக்கொண்டே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிடுவார்கள்.

பொத்தானைச் சோதிக்கும் பொறுப்பும் அவனிடமே இருந்தது. அங்கேயும் தாளம்தான். ஒரு பிற்பகலில் நாலாயிரம் குறுக்கீடுகள் வந்து விழ, கணினி ஒவ்வொன்றுக்கும் ஓடி ஓடி மூச்சுமுட்டி நின்றுபோயிற்று. வேதவல்லிக்குக் கோபம் வந்தது. அன்று மாலையே அவள் ஒரு வடிகட்டி எழுதினாள். பொத்தானை ஒரு முழு நொடி அழுத்திப் பிடித்தால்தான் அது அழைப்பு. அதற்குக் குறைந்தது எதுவும் கம்பியின் நடுக்கம், காற்றின் ஈரம், வெறும் இரைச்சல். இரைச்சல் பத்தாயிரத்தைத் தொட்டால், மற்றவர்களின் வேலை கெடாதிருக்க அந்த முனையின் வாயை அடைத்துவிடு.

“இது உன் விரலுக்காகவே எழுதினது,” என்றாள்.

அவன் நிதானமாக அதைப் படித்தான். “நல்லாத்தான் இருக்கு. ஆனா தூக்கி எறியறதையும் எழுதி வை, வேதா. எப்ப வந்தது, எவ்வளவு நேரம் நின்னதுன்னு. என்னைக்காவது யாராவது குப்பையைக் கிளறிப் பாப்பாங்க.”

“உன் குப்பையை யாரு கிளறப் போறா?”

ஆனாலும் எழுதினாள். அவன் கேட்டதை அவள் செய்யாமல் விட்டதில்லை. கேட்காததைத்தான் இருவருமே செய்யாமல் விட்டார்கள்.

எட்டு ஆண்டுகள் கழித்து அவன் தசைகளை ஒரு நோய் மெல்லத் தின்னத் தொடங்கியது. அவனே இந்த மனையைத் தேர்ந்தெடுத்தான். துயில்வோருக்கான குறிப்பேட்டில் பொத்தானைப் பற்றிய பத்தியை எழுதியவனும் அவனே: ‘விழித்துக்கொண்டால் பதற வேண்டாம். பொத்தானை அழுத்திப் பிடித்து, ஒன்று, இரண்டு என நிதானமாக எண்ணுங்கள். வந்துவிடுவோம்.’

*

“அந்தக் குப்பை இருக்கா?” என்று கேட்டாள் வேதவல்லி.

“எந்தக் குப்பை, மேடம்?”

“வடிகட்டி தள்ளினதோட பதிவு. பதினேழோடது.”

இருதயராஜ் தேடினார். இருந்தது. யாரும் ஒருமுறைகூடத் திறக்காத கோப்பு. பத்தாயிரம் வரிகள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், ஐப்பசியில், மூன்று நாட்களுக்குள் எழுதப்பட்டவை.

“புயல் அடிச்ச சமயம்,” என்றார் இருதயராஜ். “நான் அப்ப இங்க இல்லை. மலைப்பாதை விழுந்து மின்சாரம் அஞ்சு நாள் அரைகுறையாத்தான் இருந்துச்சுன்னு சொல்வாங்க. பேழைகள்ல குளிர் கொஞ்சம் குறைஞ்சுபோச்சு. பெரிசா ஒண்ணும் ஆகலை. ஈரத்துல கம்பி நடுங்கியிருக்கும். நீங்கதானே எழுதியிருக்கீங்க, ஈரம்னு?”

வேதவல்லி அந்த நேரக்குறிகளைச் சிறு ஒலிகளாக மாற்றும் நான்கு வரி நிரல் ஒன்று எழுதினாள். ஒலிபெருக்கியைத் திருகினாள்.

டக். டக். டக். டக். டக். டக்.

பிறகு ஓர் இடைவெளி. மீண்டும் ஆறு. மீண்டும் இடைவெளி.

தேநீரோடு உள்ளே வந்த செவிலி சலோமி, தட்டை மேசையில் வைத்துவிட்டுக் காதைச் சாய்த்தாள். “யாரும்மா வாசிக்கிறது? நல்லாத்தான் வாசிக்கிறாங்க. ஆனா கடைசி அடியை முழுங்கிடறாங்களே!”

வேதவல்லியின் கை தன்னையறியாமல் பேனாவை எடுத்திருந்தது. மேசையில் ஒரு தட்டு. தாளம் முடிந்தது. அவள் முகத்தைப் பார்த்த சலோமி, பேசாமல் நாற்காலியை அவள்பால் நகர்த்திப்போட்டாள்.

இருதயராஜ் திரையருகே குனிந்தார். “அப்படின்னா... அவர் முழிச்சிருந்தாரா? மூணு நாள் உதவி கேட்டிருக்காரா? நாம கேக்கவே இல்லையா?”

“நாம இல்லை. நான்,” என்றாள் வேதவல்லி. “அவன் விரல் எப்படித் தட்டும்னு உலகத்துல தெரிஞ்சவ நான் ஒருத்திதான். அதைத் தெரிஞ்சே, அது குரலில்லைன்னு எழுதி வச்சவளும் நான்தான்.”

ஒலிபெருக்கியில் அந்த ஆறு தட்டுகள் ஓடிக்கொண்டே இருந்தன. துயிலெழுப்பும் பாடல்களை நினைத்தாள். மார்கழிப் புலரியில் அடியார் வாசலில் நின்று, உறங்குகின்ற இறைவனை எழுந்தருளச் சொல்லிப் பாடுவார்கள். இங்கே உறங்கியவன் உள்ளிருந்து பாடியிருக்கிறான். வாசலில் நின்றவள் காதை அடைத்துக்கொண்டிருக்கிறாள்.

பழக்கத்தால் அவள் கண்கள் மட்டும் எண்களின்மேல் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு தட்டும் எவ்வளவு நேரம் நின்றது என்ற பத்தி. நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆறில் ஒரு பங்கு. மறுபடி ஐந்தில் ஒன்று. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பத்தாயிரத்தையும் வரிசைப்படுத்தி, மிக நீண்ட தட்டைத் தேடினாள். அது கால் நொடியைத் தாண்டவில்லை.

“இருதயராஜ், நீங்க இருட்டுல மாட்டிக்கிட்டீங்கன்னு வைங்க. கையில ஒரு காலிங் பெல் இருக்கு. என்ன செய்வீங்க?”

“விடாம அழுத்துவேன், மேடம். யாராவது வர்ற வரைக்கும் கையையே எடுக்க மாட்டேன்.”

“இவன் மூணு நாள்ல ஒரு தடவைகூட அழுத்திப் பிடிக்கலை. ஒரே ஒரு தடவைகூட.”

இருதயராஜ் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். “குறிப்பேட்டுல தெளிவா இருக்கே, அழுத்திப் பிடிங்கன்னு...”

“அதை எழுதினதே அவன்தான். பிடிச்சா என்ன ஆகும்னு சொல்லுங்க?”

“எழுப்புற வேலை தானா ஆரம்பிச்சிடும். நடுவுல நிறுத்த முடியாது. அப்புறம்...” அவர் குரல் தாழ்ந்தது. “துயில் மருந்தை ஒரு உடம்பு ஒரு தடவைதான் தாங்கும். முழிச்சவங்களைத் திரும்பப் படுக்கவைக்க வழியில்லை. அவரோட வியாதிக்கு இன்னும் மருந்து வரலை. ஆறு மாசம்கூட இருந்திருக்க மாட்டார்.”

“அது அவனுக்குத் தெரியும். எழுந்தா செத்துடுவோம். சும்மா கிடந்தாலோ தனிமை. ரெண்டுக்கும் நடுவுல, எழுந்துக்காமலே எது வழியா சேதி அனுப்பலாம்னும் தெரியும். வடிகட்டி எதைத் தள்ளும், தள்ளினதை எங்க எழுதி வைக்கும், எல்லாம் தெரியும்.” அவள் பேனாவை மேசைமேல் வைத்தாள். “அவன் உதவி கேக்கலை, இருதயராஜ். எனக்குக் கடுதாசி போட்டிருக்கான். குப்பைத்தொட்டியில.”

சலோமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஒன்பது வருஷமா யாரும் பிரிக்கலையாக்கும்,” என்றாள்.

ஆறுதல் அங்கேயே நின்றிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஆனால் வேதவல்லி பதிவுகளைக் கடைசிவரை படிக்கும் பழக்கம் உடையவள். முனை அடைக்கப்பட்டது மூன்றாம் நாள் மாலை. பேழையின் குளிர் பழைய நிலைக்குத் திரும்பியது ஐந்தாம் நாள் மாலை. இடையே இரண்டு முழு நாட்கள் அவன் அதே அரைவிழிப்பில் இருந்திருக்கிறான். பத்தாயிரம் என்ற எண் அவனுக்குத் தெரியும். ஆனால் இருட்டில் கிடந்தவன் எண்ணிக்கொண்டா இருந்திருப்பான்? அந்த இரண்டு நாட்களில் அவன் தாளம் தட்டினானா, மனம் உடைந்து பொத்தானை அழுத்திப் பிடித்து ஒன்று, இரண்டு என்று எண்ணினானா, எண்ணிக்கொண்டே இருந்தானா, அதை இனி எந்தப் பதிவும் சொல்லாது. கணினி தன் காதை அடைத்துக்கொண்ட நேரம் அது.

அவள் அதை இருதயராஜிடம் சொன்னாள். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

*

மணி மூன்றே முக்கால். வெட்டுக்கருவிகளோடு இரண்டு பேர் தாழ்வாரத்தில் காத்திருந்தார்கள்.

“பதினேழை விட்டுடுங்க,” என்றாள் வேதவல்லி.

“ரிப்போர்ட்டுல என்ன எழுதுவேன், மேடம்? ஒன்பது வருஷமா ஒரு சிக்னலும் வராத ஒயரு அது.”

“காதைப் பொத்திக்கிட்டு, கூப்பிடலையேன்னு சொல்றீங்க.”

“சரி, திறந்து பாருங்க. ஏதாவது வந்தா நானே எழுதறேன்.”

அவள் முனையின் அடைப்பை நீக்கினாள். ஒரு கட்டளை, ஒரு வரி. ஒன்பது ஆண்டு மௌனம் கலைய அவ்வளவுதான் தேவைப்பட்டது. மூவரும் திரையைப் பார்த்திருந்தார்கள். அவன் அழுத்திப் பிடித்துவிட்டால் எழுப்பும் வேலை தொடங்கிவிடும் என்பது மூவருக்கும் தெரியும். வேதவல்லி எதை வேண்டிக்கொள்கிறாள் என்பது அவளுக்கே தெரியவில்லை.

எதுவும் வரவில்லை. ஆழ்ந்த குளிரில் விரல் அசையாது.

நான்கு அடித்தது. தாழ்வாரத்தில் நின்றவன் எட்டிப் பார்த்தான். “ஆரம்பிக்கலாங்களா, சார்?”

இருதயராஜ் எழுந்தார். கதவருகே போனவர் அங்கேயே நின்றுவிட்டார். “எங்க ஊர் கோயில்ல நான் கொயர் பாடுவேன், மேடம். பாட்டு முடியறதுக்கு முந்தி ஆர்மோனியப் பெட்டியை மூடினா எங்க பாதர் அடிச்சே போடுவார்,” என்றார். பிறகு வெளியே பார்த்து, “தம்பி, எல்லாத்தையும் வெட்டு. பதினேழைத் தொடாதே. அதுல ஒரு பாட்டு பாக்கி இருக்கு,” என்றார்.

“ரிப்போர்ட்?” என்றாள் வேதவல்லி.

“உயிருள்ளதுன்னு எழுதுங்க. கையெழுத்து நான் போடறேன். மேல கேட்டா, இந்தக் கிழவி விடமாட்டேன்னுட்டாங்கன்னு சொல்லிக்கறேன்.”

“கிழவியா?”

“மன்னிச்சிடுங்க, மேடம். ஆத்திரத்துல உண்மை வந்துடுச்சு.”

அன்று இருட்டுவதற்குள் அவள் பதினேழாம் முனைக்கு மட்டும் ஒரு புது இயக்கி எழுதினாள். அழுத்திப் பிடித்தால் பழையபடி எழுப்பு. எத்தனை லட்சம் முறை தட்டினாலும் வாயை அடைக்காதே. ஆறு தட்டு வந்து நின்றால், அதை இரைச்சல் என்று தள்ளாதே. பேழைக்குள் அவன் செவியருகே இருக்கும் ஒலிபெருக்கியில் ஒன்றை ஒலி. எதை ஒலிப்பது என்பதற்காகத் தன் பேனாவால் மேசையில் ஒரே ஒரு தட்டுத் தட்டிப் பதிந்துவைத்தாள். சலோமி ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் முறைதான் தட்டு சரியாக விழுந்தது.

*

மார்கழியில் மனையின் குளிரூட்டிகளை மாற்றினார்கள். இரண்டு மணி நேரம் பேழைகளின் சூடு சற்றே ஏறி இறங்கும் என்று இருதயராஜ் முன்னமே எழுதியிருந்தார். அன்று காலை வேதவல்லி பார்த்தசாரதி கோயிலில் சேவித்துவிட்டு, குளக்கரையில் கீரை பேரம் பேசிக்கொண்டிருந்தாள். கைபேசி அதிர்ந்தது.

பதினேழு. ஆறு தட்டு.

அடுத்த வரி, இயக்கி தானே எழுதியது: விடை ஒலிக்கப்பட்டது.

கீரைக்காரி, “வேணுமா வேணாமா, சொல்லும்மா,” என்றாள். வேதவல்லிக்குக் கேட்கவில்லை. பழைய பதிவில், ஓய்ந்து ஓய்ந்து அவன் தட்டிய வேளைகளிலெல்லாம், சுற்றுக்குச் சுற்று இடைவெளி ஒரே அளவாகத்தான் இருந்தது. ஆறு, ஒரு வெற்றிடம், உடனே மறுபடி ஆறு. அவள் அதை மனப்பாடமாக அறிவாள். இப்போது அந்த வெற்றிடம் நீண்டுகொண்டே போயிற்று. நான்கு நொடி. ஏழு. பதினொன்று. கோபுரத்துப் புறாக்கள் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி அமர்ந்தன.

அவன் ஏழாவதைக் கேட்டுவிட்டான்.

பதினான்காம் நொடியில் கைபேசி மறுபடி அதிர்ந்தது. ஆறு தட்டு. எப்போதும்போல் ஏழாவதை அவளுக்கென்று விட்டுவைத்து.